கட்டைவிரல் ஆழம்

அந்த அயர்லாந்துக்காரர் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் பழைய சூப்பர்வைசர் அண்ணாச்சி. நான் துபாயை விட்டு ஓமான் பக்கம் சோஹாருக்கு வேலை மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனை எடுத்ததுமே, "ஏல, ஒன் ஆளு போய்ட்டாருல" என்றார்.

"எந்த ஆளு அண்ணாச்சி?"

"கோல்ஃப்காரருல. பேப்பர்ல போட்டிருக்கான்."

டியூட்டி நேரம். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோல்ஃப் என்றாலே பணக்காரன் விளையாட்டு என்று மூஞ்சியைச் சுளிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் புல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டது யாராம்? துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆறு வருடம் எனக்கு பங்கர் வேலை. பந்து விழுந்தால் ஆட்டக்காரனுக்குத் தொல்லை கொடுக்க வேண்டும் என்றே புல்லுக்கு நடுவில் வெட்டி வைத்திருக்கும் மணல்குழிதான் பங்கர். அதை ரேக்கால் வாரி வாரிச் சமமாக்க வேண்டும். நாங்கள் தங்கியிருந்த முவைலா கேம்ப்பில் ரூம்காரர்கள், "ஏன்டா, பாலைவனத்துக்கு வந்து மணல் வார்றதுக்கா ஏஜென்ட்டைப் பிடிச்ச?" என்று ஓட்டாத நாள் கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய போட்டி நடக்கும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருவார்கள், எங்களைத் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். இந்த மனிதர் மட்டும் முதல் வேலையாக எங்கள் ஷெட்டுக்கு வருவார். நாற்பதைத் தாண்டிய, தொப்பை போட்ட, வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோகிற மனிதர். "சாப்டாச்சா?" என்று எல்லோரையும் கேட்பார். நான் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை. ஒருமுறை என் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். மறுநாளும் வந்து கேட்டார்! இளவயதில் அவரும் மைதானத்தில் புல் வெட்டியவராம். பயிற்சியின்போது பங்கரில் இறங்கினால் தன் காலடியைத் தானே வாரிவிட்டுத்தான் மேலே வருவார். ரேக்கைப் பிடிக்கிற பிடியிலேயே தெரிந்தது, பழகிய கை.

அந்த வருடம் அவர் முகமே சரியில்லை. போட்டி நான்கு நாள். முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். "இந்தத் தடவை கடைசி நாள்வரை நிக்கலைன்னா, அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னார்.

இரண்டாம் நாள், பந்தைக் கொண்டுபோய்ப் போட வேண்டிய கடைசிக் குழிக்குப் பக்கத்து பங்கரோரம் என்னை நிறுத்தியிருந்தார்கள். போட்டி நாளில் பெரிய பங்கருக்கு ஒரு ஆள் நிற்போம். அன்று காலை அதில் புது மணல் போட்டது நான்தான். தண்ணீர் தெளித்து நன்றாகத் தட்டி இறுக்கியிருக்க வேண்டும். பூப்போல அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். புத்திகெட்ட வேலை.

அவர் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக அதிலேயே வந்து விழுந்தது. விழுந்ததும் புதைந்தது, தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டையின் மஞ்சள் கரு மாதிரி தலை மட்டும் தெரிந்தது. இன்னும் இரண்டே அடியில் முடித்தால்தான் அவர் போட்டியில் நிற்பார். இந்தப் பள்ளத்திலிருந்து அது நடக்காது. என் சோம்பேறித்தனத்தால் அந்த மனிதர் வீட்டுக்குப் போக வேண்டுமா? மேடு மறைத்ததால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தேன், பந்தை எடுத்து மணலின் மேலே வைத்தேன், பள்ளத்தைக் கையால் தடவி மூடினேன்.

அவர் வந்தார். பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த பந்து மணலில் ஒரு தடமும் இல்லாமல் உட்காருமா? ரேக் பிடித்த மனிதரிடமா என் வித்தை பலிக்கும்?

"இப்படியா கிடந்தது?" என்றார்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. "இல்லை சார்" என்றேன்.

அவரே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். பின்னாலேயே அண்ணாச்சி ஓடி வந்து, "என்னல பண்ணித் தொலைச்ச? விசா கேன்சல்தாம்ல ஒனக்கு!" என்று பல்லைக் கடித்தார். அயர்லாந்துக்காரர் அவரைக் கையமர்த்தி, "உண்மையைச் சொன்ன ஆளை ஒண்ணும் செய்யக் கூடாது" என்றார். நடுவர் சட்டத்தைச் சொன்னார்: வேறு ஆள் நகர்த்தியதால் தண்டனை கிடையாது, ஆனால் முன்பு கிடந்தபடியே பந்தை வைக்க வேண்டும். எப்படிக் கிடந்தது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். "நீயே காட்டு" என்றார்கள்.

அரை விரல் குறைத்துக் காட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மண்டியிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை வைத்து, என் கட்டைவிரல் முழுக்க இறங்குகிற ஆழத்துக்கு அமுக்கினேன். "அவ்வளவு ஆழமா?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

மூன்று அடி ஆனது. ஒரே ஒரு அடியில் போச்சு.

அவர் ஆடி முடித்த பிறகு, ரேக்கைக் கையில் வாங்கி, அந்த மணல்குழியைத் தானே வாரிவிட்டுத்தான் போனார். நான் முகத்தைக் காட்ட முடியாமல் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பெட்டியெல்லாம் கட்டிய பிறகு அங்கேயும் வந்துவிட்டார். "சாப்டாச்சா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணலை இறுக்காமல் விட்டதையும் அப்போதுதான் சொன்னேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஜெயிக்கணும்னு என் வீட்டுலகூட யாரும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை" என்று என் தோளில் கை போட்டார். "ஆனா இனிமே இப்படிச் செய்யாதே."

செய்யவில்லை. செய்வதற்கு அவரை மறுபடி கூப்பிட்டிருந்தால்தானே.