அருவிப் பாட்டுக்கு அடியில் அப்பா

நான் எழுதிய கதையை ஒரு மிஷின் வாசித்துக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கள்ளக்குறிச்சி வீட்டில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது தெரிந்த பெண்ணொருத்தி லிங்க் அனுப்பினாள். "அக்கா, உங்க கதை வீடியோவா வந்திருக்கு, சூப்பர்!" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். கடுகு கருகியதுதான் மிச்சம்.

மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிற கதை அது. யாரும் சத்தம் போட மாட்டார்கள், கதையே அதுதான். அதை வீடியோவாக்கிய சேனல்காரர் அதற்கு 'மாமியாரை ஓட ஓட விரட்டிய மருமகள்! கடைசியில் நடந்தது என்ன?' என்று பேர் வைத்திருந்தார். முகப்பில் சிவப்புப் புடவைக்காரி ஒருத்தி அரிவாளோடு நிற்கிறாள். அரிவாள் பிடித்த கையில் ஆறு விரல். குரல், பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோன பையைப் பற்றி அறிவிக்கிற குரல். "அவள் கதவைச் சாத்தினாள் காற்புள்ளி மெதுவாக" என்கிறது. காற்புள்ளியைக்கூட விடாமல் வாசித்த மிஷின், முடிவை மட்டும் தைரியமாக மாற்றிவிட்டது. மாமியார் மருமகள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். கீழே கமெண்டில் ஒருவர் 'எழுதியவருக்கு நன்றி' என்று போட்டிருந்தார். எழுதியவள் பேர்தான் எங்கேயும் இல்லை.

சேனல்காரருக்கு எழுதிக் கேட்டேன். "மேடம், உங்களுக்கு ஃப்ரீ விளம்பரம்தானே?" என்று கைகூப்பும் பொம்மையோடு பதில் வந்தது. பேரே போடாமல் யாருக்கு ஐயா விளம்பரம்? எனக்கு வந்ததே கோபம்! காப்பிரைட் புகார் கொடுத்தேன். வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன் என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, வைத்தேன்.

இதை என் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவோடு இருந்து கரும்பும் நெல்லும் பார்க்கிறவன். நெட்டில் இருப்பதெல்லாம் ஊர்ப் பொதுக் குளம், யார் வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம் என்பது அவன் சித்தாந்தம். "போவுது வுடுக்கா, நாலு பேரு கேட்டுட்டுப் போறான். கதை இன்னா தேஞ்சா போயிடும்?" என்றான். "உன் கரும்ப நாலு பேரு ஒடிச்சுக்கினு போனா வுடுவியாடா?" என்றேன். "அது கரும்புக்கா" என்றான். அதற்கு மேல் அவனோடு வாதாட முடியாது.

இரண்டு நாள் போயிருக்கும், அதே தம்பி போனில் கொதித்தான். "அக்கா, உன் கல்யாண வீடியோவ ஊமையாக்கிட்டானுங்க!"

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. அம்மா அடிக்கடி கல்யாண வீடியோவைக் கேட்கிறாள் என்று, பென் டிரைவில் கிடந்ததைப் புது டிவி எடுக்காததால் ஒரு வீடியோ தளத்தில் ஏற்றி டிவியில் போட்டிருக்கிறான். ஏற்றிய கையோடு, பாட்டுக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனி ஆட்சேபிக்கிறது என்று தளம் சத்தத்தையே பிடுங்கிவிட்டது. "நம்ம வூட்டுக் கல்யாணம், நம்ம வூட்டு ஆளுங்க. இவனுங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்றான். நானும் சேர்ந்து திட்டினேன், ஈவு இரக்கமில்லாத கம்பெனி என்று. "நீ புகார் குடுத்தா நியாயம், அவன் குடுத்தா அநியாயமா?" என்று திருப்பிக் கேட்டான். அது வேறு இது வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வீடியோவின் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை மலைக்குக் கூட்டிப்போய் சினிமாப் பாட்டு மாதிரி எடுப்பது அப்போதுதான் எங்கள் பக்கம் சூடு பிடித்திருந்தது. கள்ளக்குறிச்சி ஸ்டூடியோ அண்ணன் ஒரு படத்தின் அருவிப் பாட்டை எங்களுக்குப் போட்டுக் காட்டி, "ஷாட்டுக்கு ஷாட்டு அப்படியே அடிச்சிரலாம்மா" என்றார். அருவி கரியாலூர்ப் பக்கத்தில் இருந்தது. கதாநாயகி போட்டிருந்த அதே நிறத்தில் கவுன் ஸ்டூடியோவிலேயே இருந்தது, எனக்கு முன்னால் எத்தனை கதாநாயகிகளைப் பார்த்ததோ தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கோட்டு. தொளதொளவென்று இருந்ததால் முதுகில் வரிசையாகத் துணி கிளிப் மாட்டியிருந்தார்கள். பாட்டு முழுக்க அவர் யாருக்கும் முதுகைக் காட்டக் கூடாது என்று உத்தரவு.

ஆனால் தாலி ஏறாத பெண்ணையும் பையனையும் தனியாக மலைக்கு அனுப்ப எங்கள் சனத்துக்கு மனசு வருமா? இரண்டு வீட்டு ஆட்களும் வேனில் ஏறிவிட்டார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தண்ணீர்க் குடம், பாய். நான் அவர் தோளில் சாய்ந்து காதல் பார்வை பார்க்க, காமிராவுக்கு இந்தப் பக்கம் பெரியப்பா ஏப்பம் விடுகிறார். "எல்லாரும் ஃப்ரேம விட்டு வெளிய போங்க!" என்று கத்திக் கத்தியே ஸ்டூடியோ அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எங்களுக்குத் தாளம் புரிய வேண்டுமென்று ஸ்பீக்கரில் அந்தப் பாட்டை அலற விட்டிருந்தார். பக்கத்தில் நிற்பவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

அந்த இரைச்சலில்தான் அம்மா பாறைப் பாசியில் வழுக்கி விழுந்தாள். முட்டி பேர்ந்துபோனது, செருப்பு ஒன்றை அருவி கொண்டுபோனது. கல்யாணத்தில் நொண்டிக்கொண்டேதான் ஆரத்தி எடுத்தாள்.

முட்டி ஆறிவிட்டது. சண்டை ஆறவில்லை. "பாசி இருக்குதுன்னு பாத்துக்கினே நின்னாரு மனுசன், ஒரு வார்த்தை சொல்லல" என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. "சொன்னேன்டீ. உன் காதுல வுழல" என்பது அப்பாவின் பதில். மழைக்காலத்தில் முட்டி வலிக்கும்போதெல்லாம் இந்த வழக்கு நடக்கும். சாட்சி கிடையாது, தீர்ப்பும் கிடையாது. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, தன் காலைத் தேய்த்துக்கொண்டே அம்மா அதை எடுத்தாள். அப்பா பேசவில்லை. பேசுகிற நிலையில் இல்லை.

வீடியோ ஊமையான அந்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து ஊமைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் நான் சத்தமே இல்லாமல் ஓடுகிறேன், என் வீட்டுக்காரர் சத்தமே இல்லாமல் துரத்துகிறார். பாட்டு இருந்தபோதாவது சினிமா மாதிரி இருந்தது. இப்போது கடன்காரர் துரத்துவது மாதிரி இருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"நிறுத்து, நிறுத்துடா!" என்று தம்பியை அதட்டிக்கொண்டு அம்மா எழுந்தேவிட்டாள். "அங்க பாரு, ஓரத்துல. உங்கப்பா."

ஸ்டூடியோ அண்ணன் வெட்டத் தவறிய ஒரு மூலை. பாறைமேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அப்பா நிற்கிறார். கையை நீட்டுகிறார். வாய் பெரிதாகத் திறந்து மூடுகிறது. அவருக்கு எதிரே ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. அது அம்மாவின் புடவை. இத்தனை வருஷம் பாட்டைக் கேட்டுக்கொண்டு என்னையும் கோட்டுப் போட்டவரையும் பார்த்தோமே ஒழிய, யாரும் அந்த மூலையைப் பார்த்ததில்லை.

"நான் வழுக்கறதுக்கு முந்தி இது. என்னமோ சொல்றாரு பாரு. எங்கிட்டயா சொல்றாரு? போட்டோக்காரன வய்யறாரா? இன்னான்னு தெரியணும்மா எனக்கு." அம்மா டிவிக்குக் கிட்டே போய் நின்றாள். "நெஜமாவே சொல்லியிருந்தார்னா, சாவற வரைக்கும் அந்த மனுசன நான் பொய்யன்னுல்ல சொல்லிக்கினு இருந்தேன்?"

எங்களிடம் அப்பாவின் குரல் ஒரு துளிகூட இல்லை. கடைசி வரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். போனில் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும், இதைப் போய் யார் பதிவு செய்வார்கள் என்று இருந்துவிட்டோம். காதிலேயே நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை.

நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். பாட்டுப் போடாத ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டூடியோ அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எடிட்டு முடிஞ்சதும் மெமரி கார்ட அழிச்சிடுவோம்மா. ஒரிஜினல் சவுண்ட யாரு கேக்கறா? பாட்டு இல்லாம கல்யாண வீடியோவா? கருமாதி வீடியோவுக்கே ஜனங்க பாட்டு கேக்குது." பிறகு எதிரே இருந்த இன்னொரு ஸ்டூடியோவைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கதைய வுடும்மா. அந்த ஆளு என் அருவி கான்செப்ட்ட அப்படியே திருடிட்டான் தெரியுமா? ஷாட்டுக்கு ஷாட்டு! கேஸ் போடலாமான்னு பாக்கறேன்." அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. படி இறங்கும்போது அவரே கூப்பிட்டார். "இரும்மா. அருவி சீனுக்கு மட்டும், தண்ணி சத்தம் இருக்கட்டும்னு பாட்டுக்கு அடியில ஒரிஜினல லேசா வுட்டிருப்பேன். ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்."

ஊர் வீட்டுக்குத் திரும்பி வந்தால் தம்பி அதற்குள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். அப்பாவின் வாயசைப்பைப் பார்த்து, இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று யூகித்து, டைப் அடித்து, ஒரு செயலியைப் பேச வைத்துவிட்டான். வயசான ஆண் குரல், கிராமத்துப் பாணி என்று வேறு தேர்வு செய்தானாம். பெருமையாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான்.

"அன்பே, தயவுசெய்து அங்கே செல்லாதே. பாறையில் பாசி உள்ளது."

அம்மா, "யாருடா இவரு, பேங்க்குல இருந்து பேசறாரா?" என்றாள். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பா குரலு மாதிரி வரும்னு..." என்று இழுத்தான். "உங்கப்பா எங்கிட்ட தயவுசெய்துன்னு சொல்லியிருந்தா அந்த அதிர்ச்சிலயே வுழுந்திருப்பேன். பாசியே தேவையில்ல" என்றாள் அம்மா. நான் சிரித்துவிட்டேன், தம்பியும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "எனக்குப் பொய் வாணாம். அவரு சொல்லலன்னா சொல்லலன்னே இருக்கட்டும்" என்று எழுந்து போனாள்.

பாட்டிலிருந்து குரலை உரிக்கிற மென்பொருள் ஒன்றைப் பிறகு தம்பியே பிடித்தான். கணினியில் பென் டிரைவைச் செருகி அந்த இடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தோம். 'மனிதக் குரல்' என்று அது பிரித்துத் தந்ததைப் போட்டால் பாடகர் கொஞ்சுகிறார், அட்சரசுத்தமாக! அப்பாவைக் காணோம். கோடிக்கணக்கான குரல்களைக் கேட்டுப் பழகிய மிஷினாம். எங்கள் அப்பாவை அது மனிதக் குரலில் சேர்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் 'இதர இரைச்சல்' என்று ஒரு கோப்பு கிடந்தது. தம்பி அதைத் தட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் சத்தம். யாரோ தட்டு கேட்கிறார்கள். குரங்கு கத்துகிறது. அப்புறம், கரகரவென்று, அடுத்த தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல்.

"ஏய், இந்தா! அந்தாண்ட போவாத. பாசி வழுக்கும். இப்படி வந்து எங்கிட்ட குந்து."

தம்பி திரும்பிக்கொண்டான். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொரு தபா" என்றாள். போட்டோம். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டே, "சொன்னேன்னுதாங்க சொன்னீங்க" என்றாள், எங்களிடம் இல்லை. "எனக்குத்தான் காதுல வுழல."

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொந்தக்காரங்க குரூப்புல போடறேம்மா. எல்லாரும் ஒரு தபா கேக்கட்டும்" என்றான். நானும், இதை வைத்து ஒரு நல்ல கட்டுரை எழுதலாம் என்று மனசுக்குள் முதல் வரியைப் போட்டுவிட்டிருந்தேன்.

"யாருக்கும் அனுப்பாத" என்றாள் அம்மா. "அது எங்கிட்ட சொன்னது."