கப்பலில் எழுதிய பெயர்

டென்மார்க்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று மனைவி சொன்னபோது, வெம்பிளி வீட்டுக் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி கோப்பையில், பாதி மேசையில். உலகத்தில் இவளுக்கு வேறு நாடே கிடைக்கவில்லையா?

“இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு அரண்மனையும் பாய்க்கப்பலும் பாக்கவேணுமாம். மூண்டு நாள்தானே.”

“பாரிசுக்குப் போவம். அங்கை அரண்மனை இல்லையே?”

“பதினைஞ்சு வருசத்துக்கு முந்தின கதை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வச்சுக்கொண்டு என்ன நடுக்கம்?”

அந்தப் பாஸ்போர்ட்டை நினைத்துத்தான் நடுக்கமே. நான் முதலில் அகதியாக இறங்கியது டென்மார்க்கில். சொந்தப் பெயரைக் கொடுத்தேன். பத்து விரல்களையும் மையில் உருட்டி எடுத்தார்கள். வழக்கு தோற்றதும் முகாமை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் லண்டனுக்கு ஓடிவந்தேன். “பழைய பேரைச் சொன்னியோ, அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள்” என்றார் கூட்டிவந்த ஏஜென்ட் அண்ணை. ஆகவே இங்கே வேறு பெயர். விசா, குடியுரிமை எல்லாம் அதில்தான். தகப்பன் பெயர் பிள்ளைக்குப் பின்பெயராக வருவது எங்கள் வழக்கம் என்பதால், ஒன்பது வயது மகளின் பாஸ்போர்ட்டிலும் அந்தப் பொய்தான் இருந்தது. பிடிபட்டால் மூவரும் தெருவில். மகளுக்கு இது எதுவும் தெரியாது. மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே தெரிவதற்கு!

இரண்டாயிரத்து ஆறு கோடையில் கோபன்ஹேகனில் இறங்கினோம். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிய நேரம் முழுக்க விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன். அவள் சிரித்து அனுப்பிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரண்மனை முற்றத்தில் கரடித்தோல் தொப்பியோடு நின்ற காவல் சிப்பாயை மகள் படம் எடுத்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அரசர்களின் பழைய பூங்காவில் மனைவி ஒவ்வொரு ரோசாவாகக் குனிந்து மணந்துகொண்டு போனாள். எதிரே இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். உடனே குந்தியிருந்து, லேஸே இல்லாத சப்பாத்துக்கு முடிச்சுப் போடத் தொடங்கினேன்.

“ஐயோ, ஆக்கள் பாக்கினம், எழும்புங்கோ!” என்றாள் மனைவி.

கடைசி நாள்தான் கப்பல். மூன்று பாய்மரம் உள்ள பழைய மரக்கப்பலைத் துறையில் கட்டி, சனங்களை ஏற விட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்த மகள் அப்படியே வாய் பிளந்து நின்றாள். அந்த ஒரு மணி நேரம் நானும் பயத்தை மறந்துபோனேன். வினை அங்கேதான். இறங்கும் இடத்தில் ஒரு கிழவர் பெரிய கொப்பி ஒன்றை நீட்டி, பெயர் எழுதச் சொன்னார். முகாமில் காலைதோறும் இப்படித்தான் கொப்பியை நீட்டுவார்கள். கை தன்பாட்டில் எழுதிவிட்டது. என் அப்பா எனக்கு வைத்த பெயர், முழுசாக, மையில்.

“அப்பா, இது ஆற்ற பேர்? உங்கட பேரையெல்லோ எழுதச் சொன்னவர்?” மகள் எட்டிப் பார்த்தாள்.

தாளைக் கிழிக்க ஏலாது, கிழவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “பேசாம வா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன். விமானத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

லண்டன் விமான நிலையத்தில் வரிசை நகர்ந்தது. அதிகாரி எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, மகளைப் பார்த்துக் குனிந்தார். பிள்ளைகளிடம் அவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான்.

“இவர் யார்?”

“என்ர அப்பா” என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

“அப்பாவின் பெயர் என்ன?”

மனைவியின் விரல்கள் என் சட்டையைப் பற்றின. கப்பலில் பார்த்ததைச் சொன்னால் முடிந்தது கதை.

மகள் நிமிர்ந்து என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னாள், தடுமாறாமல், ஒரு சின்னச் சிரிப்போடு.

அவர் மூன்று பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தார். என் பிள்ளை அவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.