ஈரக் கல்

அப்பா இருபத்தெட்டு வருடம் கருங்கல் அறுக்கும் பட்டறையில் இருந்தார். அதில் பாதிக் காலம் தண்ணீர் விடாமலேயே அறுத்தார்கள். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனி வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு, வீட்டிலேயே பீட்சா சுட்டு விற்கலாம் என்று அம்மா முடிவெடுத்தாள். பள்ளி கேன்டீன்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் தினமும் முப்பது பீட்சா வாங்கிக்கொள்வார்.

அலுமினியத் தட்டில் வைத்தால் மேலே சீஸ் கருகியது, அடி வெளுத்தே கிடந்தது. சூட்டைப் பிடித்து வைக்கிற எதையாவது அடியில் போடவேண்டும். நான்கு நாள் போனில் தேடிப் படித்துவிட்டு, கனமான இரும்புத் தகடு வாங்கலாம் என்றேன்.

"கல்லறுக்குறவன் வீட்டுக்கு எவனாவது இரும்பு வாங்குவானா?" என்றார் அப்பா.

சனிக்கிழமை பட்டறைக்குப் போய், பழைய கூட்டாளியிடம் சொல்லி ஓவன் அளவுக்கு ஒரு கல் அறுத்து வாங்கி வந்தார். மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் பொண்ணு போன்ல படிச்சா. நான் கல்லுல படிச்சவன்," என்றார் அம்மாவிடம்.

"ஆமா, அந்தப் படிப்புதான் இருமலா வருது," என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

மறுநாள் காலை, இரவெல்லாம் வாளியில் ஊறிய கல்லை எடுத்து, சொட்டச் சொட்ட ஓவனுக்குள் வைத்துச் சூடேற்றினார்.

"காஞ்ச கல்லுல கை வைக்கவே கூடாதும்மா. தூசி பறக்கும்."

பட்டறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் சட்டம். ஊறிய கல் சூட்டில் வெடிக்கும் என்று நான் படித்திருந்தேன். சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்கவில்லையே, படட்டும் என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கவேண்டும்.

அரைமணி நேரத்தில் கல் வெடித்தது. ஓவனின் கண்ணாடிக் கதவு சமையலறை முழுக்கச் சிதறியது. யாருக்கும் அடியில்லை. அம்மா கேன்டீன்காரருக்குப் போன் போட்டு, இன்றைக்கு முடியாது என்றாள். அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

"ஈரமாத்தானே வச்சேன்," என்றார் அப்பா, இரண்டு தடவை.

"அதனாலதான்ப்பா."

அவர் என்னைப் பார்த்தார். "முன்னாடியே தெரியுமா உனக்கு?"

நான் குனிந்து கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சரி, தள்ளு. கையக் கிழிச்சுக்காத," என்று அப்பா துடைப்பத்தை எடுத்தார்.