கிடா இல்லாமல் பத்து நிமிஷம்

எங்கள் வீட்டில் ஒரு கிடா இருந்தது. நானும் என் வீட்டுக்காரியும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்வோம். அஞ்சு வருஷமாக அப்படித்தான்.

"ஏலே, குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லு" என்பேன் கிடாவிடம்.

"டப்பா அங்கனதான் இருக்கு, எடுத்துப் போட்டுக்கிடச் சொல்லு" என்பாள் அவள். அவளும் கிடாவிடம்தான்.

கிடா நடுவில் நிற்கும். யார் பேசுகிறார்களோ அவர்களைப் பார்க்கும். அசையாது. பேச்சு முடிந்ததும் போய்விடும். அதற்குப் பழகிவிட்டது. எங்களுக்கும் பழகிவிட்டது. வீட்டில் சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். காலையில் போனால் சாயங்காலம் வருவேன். வாசலில் கிடா நிற்கும். என்னடே சேதி என்று கேட்பேன். உள்ளே இருந்து அவள், இன்னார் வந்தார், இன்னது தீர்ந்துபோச்சு என்று கிடாவிடம் சொல்லுவாள். நான் கேட்டுக்கொள்வேன்.

அது நேர்ந்துவிட்ட கிடா. மகள் பன்னிரண்டாவது எழுதின வருஷம் எங்கள் மாடன் கோவிலில் வேண்டிக்கொண்டேன். இவள் நல்லாப் படித்து, நல்ல இடத்தில் நிச்சயமும் ஆனால் கிடா வெட்டுகிறேன் என்று. அன்றைக்கே குட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் கேட்கவில்லை.

மகள் இப்போது திருநெல்வேலிக்கு வெளியே யுனிவர்சிட்டியில் எம்.ஏ. கடைசி வருஷம். ஹாஸ்டலில் இருக்கிறாள். தை மாதம் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளைக்குப் புளியங்குடி, எலுமிச்சை வியாபாரம். வைகாசியில் கல்யாணம். அதற்கு முன்னால் சித்திரையில் மாடனுக்குக் கொடைத் திருவிழா. கிடாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நிச்சயம் முடிந்த மறுநாள் மகள் எங்களை உட்கார வைத்தாள். கிடாவும் வந்து நின்றது.

"கிடாவும் போயிரும். நானும் போயிருவேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் யாருகிட்டச் சொல்லிப் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

அதை நான் யோசிக்கவில்லை. வீட்டுக்காரியும் யோசிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கோழி வாங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கோழி ஓர் இடத்தில் நிற்காது. சொல்லவில்லை.

யுனிவர்சிட்டி பக்கத்தில் ஒரு மேடம் இருக்கிறாராம். புருஷன் பொண்டாட்டியை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் அவர் வேலையாம். அதற்கென்றே படித்தவராம். மகள் எங்களுக்கு நேரம் வாங்கிவிட்டாள். கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடி, பதினோரு மணி. போகாவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

கிடாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதுதான் முதல் தப்பு.

பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம் கேட்பாளா, வெயில் என்பாளா தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. கண்டக்டர் வந்தார். அந்த அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் வேணுமா என்று கேளுங்க என்றேன். அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீரு யாரு வே அவங்களுக்கு?"

வீட்டுக்காரர் என்றேன். அப்போ நீரே கேளும் என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரும்போது, எனக்கு ஜன்னல் வேண்டாம் என்று அவரிடம் சொன்னாள் இவள்.  திருநெல்வேலி வரைக்கும் எங்கள் பக்கம் அவர் வரவில்லை.

அங்கே இறங்கி இன்னொரு பஸ். யுனிவர்சிட்டி கேட்டில் இறங்கினால் எதிரே நாலு ஜெராக்ஸ் கடை. நாலுக்கும் மாடி. மகள் இதைச் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்கலாம். என்னவென்று கேட்பது. தலை நரைத்த வயசில், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களைப் பேச வைக்கிற இடம் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாடி மாடியாக ஏறினோம்.

முதல் கடை மாடியில் புஸ்தகம் பைண்டிங் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எத்தனை காப்பி என்று கேட்டார்கள். ரெண்டு பேர் என்றேன். இறங்கிவிட்டோம்.

இரண்டாவது மாடியில் பெரிய மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். தண்ணி கொடுத்தார். இதுதான் இடம் என்று நினைத்தேன். ஒரு நோட்டை விரித்து, பையனுக்கா பொண்ணுக்கா என்றார்.

"எங்களுக்குத்தான்" என்றேன்.

பேனாவை மூடினார். சுவரில் ஜோடி ஜோடியாக மாலையும் கழுத்துமாகப் படம் மாட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அது வரன் பார்க்கிற ஆபீஸ். என் வீட்டுக்காரி அவரைப் பார்த்து, எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு, அது இவருக்கு மறந்துபோச்சுன்னு சொல்லுங்க என்றாள். அவர் என்னிடம் அதை அப்படியே சொன்னார். நல்ல மனுஷன். அடுத்த கடை மாடி என்று கையையும் காட்டினார்.

மூன்றாவது மாடியில் பெஞ்சு போட்டிருந்தது. அதில் ஒரு பையனும் பொண்ணும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள். நடுவில் இடம் விட்டிருந்தார்கள். நாங்கள் அந்த நடுவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொண்ணு என் வீட்டுக்காரியிடம் குறை சொல்ல ஆரம்பித்தது. மெசேஜ் போட்டால் மூணு மணி நேரம் கழித்துத்தான் பதில் போடுகிறானாம். நேற்றும் அப்படித்தானாம். உங்களுக்கு என்ன ஆன்ட்டி என்று கேட்டது.

"நாங்க பேசி அஞ்சு வருஷம் ஆச்சு" என்றாள் இவள்.

 அந்தப் பையன் எழுந்து வந்து அந்தப் பொண்ணிடம் சாரி சொன்னான். அதுவும் எழுந்தது. இருவரும் மேடத்தைப் பார்க்காமலே படி இறங்கிப் போய்விட்டார்கள். எங்கள் முறை சீக்கிரம் வந்துவிட்டது.

மேடத்துக்கு முப்பது வயசு இருக்கும். மரியாதையான பொண்ணு. எங்களை அப்பா, அம்மா என்று கூப்பிட்டது. நாற்காலி இரண்டு, முட்டி இடிக்கும் தூரத்தில் எதிரெதிரே. உட்கார்ந்தோம். என்ன பிரச்சனை என்று கேட்டது. பிரச்சனை ஒன்றும் இல்லை, கிடா போகப்போகிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. முதலில் இருந்து சொல்லச் சொன்னது. சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அங்கேதான்.

மேடம் சரி என்றது. என்னிடம் சொல்லாதீங்க அப்பா, அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்க, கண்ணைப் பார்த்து என்றது.

எங்களுக்குப் பேச்சு என்றால் பார்வை முட்டி உயரத்துக்குத்தான் போகும். கிடா உயரம் அது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. பிளாஸ்டிக், பழுப்பு நிறம். நான் அதைப் பார்த்தேன். அவளும் அதைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் அங்கன ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது.

"பஸ்ல வெயில் பட்டுச்சான்னு கேளு" என்றேன்.

"படலைன்னு சொல்லு" என்றாள்.

மேடம் எழுந்து கூடையைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தது. அதற்குப் பிறகு பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது. மேடத்துக்கு வேர்த்தது.

கடைசியில், யார் முதலில் பேச்சை நிறுத்தினது, அதையாவது என்னிடம் சொல்லுங்கள் என்றது.

அவங்க என்றேன். அவர் என்றாள் இவள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

என்னிடம் முதலில் கேட்டது. குட்டியை நான் கேட்காமல் வாங்கி வந்தேன், அன்றைக்குச் சாயங்காலம் சோறு ஆச்சா என்று கேட்டேன், அவள் எனக்குப் பதில் சொல்லாமல் குட்டியிடம், ஆயிட்டுன்னு சொல்லு என்றாள், கோபம் என்று தெரிந்துகொண்டேன், சரி, நானும் குட்டியிடமே, கொண்டாரச் சொல்லு என்றேன். நடந்தது இவ்வளவுதான் என்றேன்.

அவள் மேடத்தைப் பார்த்தாள்.

"நான் கோவப்படலைன்னு சொல்லுங்க. குட்டி அழகா இருந்துச்சு. மடியில வச்சிருந்தேன். விளையாட்டுக்குச் சொன்னேன். அவரு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் குட்டிகிட்டப் பதில் சொன்னாரு. சரி, அவருக்குத்தான் என் மேல ஏதோ கோவம்னு இருந்துட்டேன்."

மேடம் நோட்டை மூடியது. அப்போ சண்டையே நடக்கலையே என்றது.

நடக்கலை என்றேன். கூடை இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அஞ்சு வருஷம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பேன். சில நேரம் குமிழியே வராது. ஓட்டையே இருக்காது. வால்வை யாரோ சரியாக மூடவில்லை, அவ்வளவுதான் இருக்கும். அந்த மாதிரி வண்டியைக் கொடுக்கும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. என்ன சொல்ல.

மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. தினமும் காலையில் பத்து நிமிஷம், எதிரெதிரே உட்கார்ந்து, கிடா இல்லாமல், நேரடியாகப் பேசவும். நான் அதில் சீல் வைத்துத் தரச் சொன்னேன். மகளிடம் காட்டணும். சீல் இல்லை என்றது. பேருக்குக் கீழே படிப்பையாவது எழுதச் சொன்னேன். எழுதியது.

மறுநாளில் இருந்து மருந்து மாதிரி உட்கார்ந்தோம். கிடாவைக் கொல்லைப்பக்கம் கட்டிவிட்டு, செல்போனில் பத்து நிமிஷம் அலாரம் வைத்து. கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. அவளை நான் ஏட்டி என்றுதான் கூப்பிடுவேன், முன்னாலே. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும். அஞ்சு வருஷமாக ஏலே என்றே சொல்லிப் பழகிய நாக்கு. அலாரம் அடிக்கும். அவள் எழுந்துபோய்க் கிடாவை அவிழ்ப்பாள். அது வந்து நிற்கும். உடனே ரெண்டு பேரும் சேர்த்துவைத்ததை எல்லாம் அதனிடம் கொட்டுவோம்.

மகள் தினமும் போன் பண்ணினாள். பேசினீங்களா என்று கேட்பாள். உட்கார்ந்தோம் என்பேன்.

சித்திரை வந்துவிட்டது. மாடன் கோவில் மேலநீலிதநல்லூர் போகிற வழியில், காட்டுக்குள் இருக்கிறது. மத்தியானக் கொடை. சொந்தக்காரர்கள், மகள், மாப்பிள்ளை வீட்டில் இருந்து நாலு பேர் எல்லாரும் இருந்தார்கள். கிடாவுக்கு மாலை போட்டிருந்தது. வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணி ஊற்றுவார்கள். கிடா உடம்பை உதறணும். உதறினால் சாமி சம்மதம். உதறாமல் வெட்டக்கூடாது.

முதல் குடம் ஊற்றினார்கள். கிடா நின்றது. இரண்டாவது குடம். நின்றது. தண்ணி தாடியில் சொட்டியது. எங்கள் ஊரில் இரண்டு குடத்துக்கு நின்ற கிடா கிடையாது. மேளத்தை நிறுத்தினார்கள். வீட்டில் ஏதோ குறை இருக்கு வே என்று யாரோ சொன்னார்கள். சாமியாடி என்னைப் பார்த்து என்ன குறை என்று கேட்டார்.

நான் கிடாவைப் பார்த்தேன். அது அவளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்றால் அது அசையாமல் நிற்கும். அப்படித்தான் பழக்கினோம். யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று நிற்கிறது. மூணாவது குடம் வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?"

"மொதல்ல அதைத் துவட்டி விடுங்க. நனைஞ்சுபோய் நிக்குது" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எங்கள் பேச்சு முடிந்தது. கிடா வழக்கம்போல நகர்ந்தது. நகர்ந்து, உடம்பை நன்றாக ஒரு உதறு உதறியது. மேளம் எழும்பியது. சாமியாடி கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரி முந்தானையை விரித்துக்கொண்டு முன்னால் போய்க் கிடாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஈரத்துக்கு உதறினது" என்றாள்.

எல்லாக் கிடாவும் ஈரத்துக்குத்தானே வே உதறுது என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். அவர் வாயை அடைத்தார்கள். சாமியாடி கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தார். பிறகு, சேவல் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மகள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

கிடாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அவள் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். எதிரே உட்கார்ந்தாள். கிடா வாசலில் படுத்துக்கிடந்தது. எழுந்து வரவில்லை.

"உப்பு போதுமாங்க?" என்று கேட்டாள். என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

போதும் என்றேன்.

உப்பே இல்லை. கிடாவிடம் என்றால் சொல்லியிருப்பேன்.