நின்ற இடத்தில் ஓடியவர்கள்

டிவி கேம் கடைக்காரனுக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை வேலை இல்லை. ஆள் வராத கடையில் காலை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கல்முனையில் நான் அப்படித்தான் இருந்தேன்.

ஓடும் பாய்

சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த என் மனைவி ஒரு பிளாஸ்டிக் பாய் அனுப்பியிருந்தாள். அதைக் கேம் பெட்டியில் செருகி, மேலே நின்று கால் மாற்றி மிதித்தால் டிவியில் ஒருவன் ஓடுவான். உடம்புக்கு நல்லதாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள்.

முதலில் ஏறியவர் சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். ஐந்து நிமிடத்தில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைத்தார். போட்டியில் வென்றும் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இவ்வளவு ஓடியும் நிண்ட இடத்திலதானே காக்கா நிக்கிறன்" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

டொக்டர் சொன்ன நடை

ஆதம்பாவா காக்கா புடவைக் கடையை விட்டு ஓய்ந்தவர். மனைவி மௌத்தான பின் வீட்டில் தனி ஆள். சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, தினமும் நடக்கச் சொன்ன டொக்டர், இரண்டு மாதத்தில் சீனி இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்றிருந்தார். ஊசி போட வீட்டில் ஆள் இல்லை. ஒரே மகன், நம் ஊர் வழக்கப்படி, அட்டாளைச்சேனையில் பெண்சாதி வீட்டில். இவரும் அங்கே போய் ஒட்டிக்கொள்ள வேண்டிவரும். நடக்கலாம் என்றால், யுத்த காலம், தனி ஆளைக் கண்டால் ஆமியின் சோதனைச் சாவடியில் ஆயிரம் கேள்வி.

அதனால் என் பாய்க்கு வந்தார். வயதான மனிதன் குதிப்பதைத் தெரு பார்க்கக் கூடாதென்று திரை கட்டச் சொன்னார். "சம்பந்தி வீட்டுல குந்தி ஊசி குத்துறத விட இதுல நிண்டு குதிக்கிறது மேல், தம்பி."

திரைக்குப் பின்னால்

ஒரு மாதம் தவறாமல் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கதைத்துக்கொண்டே ஓடுவார். டிவிக்குள் ஓடுகிறவன் நாளுக்கு நாள் வேகமானான். சோதித்துப் பார்த்தால் சீனி மட்டும் இறங்கவில்லை. மூச்சு வாங்காமல் ஒருவர் கதைத்துக்கொண்டே ஓடுவது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் பிளேன்டீயோடு திரையை விலக்கினேன். பாயின் ஓரத்தில் சம்மணம் கொட்டி இருந்து, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். பெடியன்கள் வெல்வதற்குச் செய்யும் கள்ளவேலை. ஊசியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். கையை எடுக்காமலே சொன்னார்: "ஓடினா பத்து நிமிசத்துல களைச்சிரும், வீட்ட போகோணும். கையால தட்டினா பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லுற மட்டும் உன்னோட இரிக்கலாம்."

பூட்டிய கடை

அடுத்த நாள் காலையில் கடையைப் பூட்டி, அவரை நடக்கக் கூட்டிப்போனேன். இரண்டு பேராகப் போனதால் சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போக விட்டான். அவர் புடவை விற்ற கதை சொன்னார். நான் சவூதிக் கடிதங்கள் குறைந்துவரும் கதை சொன்னேன். தினமும் அதே கதைகள்தான்.

இரண்டாம் மாத முடிவில் சீனி இறங்கியிருந்தது, ஊசி தேவைப்படவில்லை. என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். நான் பக்கத்தில் நிற்க, ஆதம்பாவா காக்கா சொன்னார்: "கேம் பாய் நல்ல சாமான் டொக்டர், ஆனா கடக்காரனையும் சேத்து எழுதிக் குடுக்கோணும்."

டிவி கேம் விளையாடினால் உடம்புக்கு நல்லதா என்று இன்றும் கேட்பவர்களிடம், கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் இரண்டு பேருக்கு நல்லது என்றுதான் சொல்லி வருகிறேன்.