அக்கா கூட்டிய கூட்டம்

என் மேஜையில் துணி சுற்றித் தடித்த பேனா ஒன்று இருக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் வளையத் தொடங்கியபோது, மெல்லிய பேனா பிடிபடாமல், என் அக்கா பழைய வேட்டிக் கரையைக் கிழித்துத் தாமே சுற்றிக்கொண்டது.

அக்கா மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர், மணமாகாதவர், தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் தனியாக வசித்தவர். மருத்துவ விடுப்பு நீண்டுகொண்டே போனதால், பணிக்குத் தகுதியற்றவர் என்று ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

அதே குடியிருப்பில் வசித்த பஞ்சாபி டாக்டரம்மாவின் மாத்திரைகளையும், ஐ.என்.ஏ. மார்க்கெட் அருகே இருந்த திருநெல்வேலிச் சித்த வைத்தியரின் தைலத்தையும் பத்தியத்தையும் அவர் ஒருசேரக் கைக்கொண்டிருந்தார். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாய் திறந்ததில்லை. தில்லித் தமிழர்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். டாக்டரிடம் தைலத்தைச் சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். உடம்பு மெலிந்து, வயிறு எரிந்து, மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு, இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைக்கப்போவதாக அக்கா அறிவித்தார். அது முறையன்று, நாலு பேர் பேசுவார்கள் என்று நான் ஆட்சேபித்தேன். அப்போது நான் வேறோர் அமைச்சகத்தில் துணைச் செயலர்.

"டேய், ஒரே விஷயத்தை ரெண்டு டிபார்ட்மென்ட் தனித்தனியா பார்த்தா என்ன ஆகும்னு உனக்குச் சொல்லணுமா? இங்க என் உடம்புதான் விஷயம். நீ போய் சமோசா வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தனர். அக்கா கேட்க, வைத்தியர் தாம் விலக்கியவற்றைச் சொன்னார்: புளி, தயிர், உளுந்து, கிழங்கு, கத்திரிக்காய். நான் இந்தியில் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அச்சா, வைத்யஜி, அப்போ இவங்க எதைத்தான் சாப்பிடறாங்க? வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டிய மாத்திரை இது" என்றார் இந்தியில்.

வைத்தியர் கோபப்படவில்லை. "வேற மாத்திரை உண்டானு நானும் ஒரு நாளும் கேக்கலையே" என்றவர், அக்காவிடம் திரும்பினார். "அது கெடக்கட்டும். பகல்ல என்ன செய்யுதீய?"

எந்த அதிகாரிக்கும் உடனே பதில் சொல்லும் அக்கா சமோசாத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "சுவரைப் பார்த்துப் படுத்திருக்கேன்" என்றார்.

அந்த வாக்கியத்தையும் நான்தான் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் இருவரும் நோயைப் பற்றிப் பேசவில்லை; அக்காவைப் பற்றிப் பேசினார்கள். பத்தியம் தளர்ந்தது. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் என்று உறுதியாயிற்று. தைலம் பூசி விரல்களை மெல்ல அசைக்க வேண்டும். அரை நாளாவது அலுவலகம் போகட்டும், அதற்குத் தாமே சான்றிதழ் எழுதித் தருவதாக டாக்டரம்மா சொன்னார்.

நோய் போகவில்லை, விரல்கள் நேராகவும் இல்லை. ஆனால் அக்கா இந்தப் பேனாவுடன் திரும்பிச் சென்று, உரிய வயதில், அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

இன்று ஜனக்புரியில் வசிக்கும் எனக்கு இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என ஒரே மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள். ஒருவர் தந்த மருந்தைப் பற்றி மற்றவரிடம் கேட்டால், "அதை அவர்கிட்டயே கேளுங்க அங்கிள்" என்கிறார். மூவரும் என்னை வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் அமர வேண்டும் என்று மருத்துவமனைத் தலைவருக்கு நேற்றுக் கடிதம் எழுதினேன். என் விரல்கள் நன்றாகவே இருக்கின்றன. இருந்தும் இந்தப் பேனாவைத்தான் எடுத்தேன். பதில் வராவிட்டால் நேரில் போவேன், சமோசாவுடன்.