எழுதாத திருத்தம்

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை எழுதவில்லை. ஐந்தாம் ஆண்டு அறிவியல் டீச்சர் அதைப் பத்து முறை எழுதச் சொன்னார். பிறகு ஐம்பது முறை என்று மிரட்டினார். “ஆற்றின் பாதை கடலில் முடிகிறது.” தேர்வுத்தாளில் அதற்கு எதிரே சரி, பிழை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நான் ‘பிழை’யில் கோடிட்டேன்.

காரணம் எங்கள் சாப்பாட்டு மேசை. அப்பா லோரி ஓட்டினார். கோலாலம்பூரில் காலி செய்யப்படும் அலுவலகங்களிலிருந்து பழைய தாள்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வருவார். ஒருமுறை ஆளுயர வண்ண வரைபடம் ஒன்று வந்தது. மேசையின் கீறல்களை மறைக்க அம்மா அதை விரித்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். விரித்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். எனவே தேர்வு வந்தபோது சரியாக ஏழு மாதம் அதன்மேல் சாப்பிட்டிருந்தேன் என்று சொல்ல முடியும்.

அது கடலடித் தரையின் வரைபடம். என் தட்டுக்கு இடப்பக்கம் கரை. அங்கிருந்து ஒரு பாதை புறப்பட்டு, ஆற்றைப் போலவே வளைந்து வளைந்து, அண்ணனின் தட்டுக்கு அடியில் புகுந்து, கருநீல ஆழத்துக்கு இறங்கியது. ஓரிடத்தில் பழைய வளைவு ஒன்று துண்டிக்கப்பட்டுத் தனியே கிடந்தது. சாம்பார் விரலால் அந்தப் பாதையைத் தினமும் தொடர்ந்தவள் நான். அது முடிகிறது என்று சொல்பவர்கள் எங்கள் மேசையில் சாப்பிடாதவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் என் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தார். ‘திருத்தம்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒன்று முதல் பத்துவரை எண்கள் மட்டும் இருந்தன.

“எங்க?”

“எழுதல, டீச்சர். வாக்கியம் தப்பா இருக்கு.”

“ஓ, கடலுக்குள்ள ஆறு ஓடுதா? எங்க பார்த்த?”

“வீட்டு மேசையில.”

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், “டீச்சர், அவங்க வீட்டு அலமாரியில மலை இருக்குலா” என்றான். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“மாசக் கடைசியில தலைமையாசிரியர் புத்தகத்தப் பார்ப்பாரு. காலியா இருந்தா ஒன்னக் கேக்க மாட்டாரு, என்னத்தான் கேப்பாரு. தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“அடுத்த வாரம் சனிக்கிழமை அறிவியல் விழா. செஞ்சு காட்டு. முடியலன்னா அம்பது தடவ.” புத்தகத்தைத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

வரைபடத்தின் மூலையில் சிறு படங்களும் ஆங்கிலக் குறிப்புகளும் இருந்தன. அகராதியை வைத்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: சேறு கலந்த நீர் கனக்கும், கனத்தால் கடல்தரையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடும், ஓடி ஓடித் தனக்கு வழி செய்துகொள்ளும்.

அப்பா ஒரு நீளமான கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்தார். அடியில் மணல் பரப்பி, ஒரு முனையைச் சற்று உயர்த்தி, நீர் நிரப்பி, கடல் என்பதால் உப்பும் போட்டேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடையில், அதாவது லோங்காங்கில், அள்ளிய சேற்றைக் கரைத்து ஊற்றினேன். அது இறங்கவே இல்லை. மேலேயே பழுப்பாக மிதந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உப்பை விட்டுவிட்டு, சேற்றைக் கெட்டியாக்கினேன். இப்போது அது கட்டி கட்டியாக விழுந்தது. இன்னும் நைசான பொடி வேண்டும். சாமி மேடைக்குப் பின்னால், கோயில் கோயிலாகச் சேர்ந்த திருநீற்றுப் பொட்டலங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பூசித் தீர்க்கவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல் அம்மா வைத்திருந்தவை.

“திருநீற லோங்காங் சேத்துல கரைக்கிறியா?” என்றார் அம்மா.

“கடலுக்குத்தான் போவுது.”

அம்மா டின்னுக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். “பழனிப் பொட்டலத்த மட்டும் தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைச் சேறு புகைபோல உருண்டு தரையோடு ஓடியது. முதலில் விசிறிபோலப் பரந்தது. ஓரங்களில் வேகம் குறைந்து படிந்தது; நடுவில் நிற்காமல் ஓடியது. அடுத்தடுத்து ஊற்ற ஊற்ற இரு ஓரங்களும் உயர்ந்து கரைகளாயின. தோண்டாமலே ஒரு வாய்க்கால். அதற்கு நாற்பது முறை ஊற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நீர் தெளியக் காத்திருக்க வேண்டும்.

விழாவன்று மண்டபத்தில் முதலிலிருந்து ஊற்றத் தொடங்கினேன்; நடுவர்கள் பதினோராவது ஊற்றலுக்கே வந்துவிட்டார்கள். கலங்கிய தொட்டியைப் பார்த்து, “நல்ல முயற்சி” என்றார் ஒருவர். புளிக்காடியும் சோடாமாவும் கலந்து பொங்கிய எரிமலைக்கு முதல் பரிசு. கைதட்டல் கேட்டபோது நான் பத்தொன்பதாவதை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். அப்பா வந்தார்.

“பாப்பா, லோரிய வாசல்லயே விட்டுட்டு வந்திருக்கேன். போலாமா?”

“இன்னும் பதிமூணு இருக்குப்பா.”

அவர் போய் லோரியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டாவதில் ஒன்று நடந்தது. ஒரு வளைவில் சேறு கரையைத் தாண்டி வழிந்து, உடைத்து, வேறு பக்கமாகப் புதுவழி எடுத்தது. பழைய வழி அப்படியே நின்றுபோயிற்று. டீச்சர் எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“இது ஆறு இல்ல. சேறு” என்றார்.

“பாதை முடியல, டீச்சர்.”

அவர் குனிந்து, விரலால் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பாதையைக் கடைசிவரை தொடர்ந்தார். “தரையத் தொடச்சிட்டுப் போ” என்றார்.

ஐம்பது முறை என்ற பேச்சு அதன்பின் எழவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று வருடக்கணக்கில் நம்பினேன். ஆற்றுநீர் கடல்நீரைவிட இலேசானது, சேர்ந்ததும் பெரும்பாலும் மேலேதான் மிதக்கும் என்பதைப் பிற்பாடு படித்தேன். ஆழத்துக்குப் போவது பெரும்பாலும் சரிவில் குவிந்து ஒருநாள் சரியும் மண். டீச்சர் சொன்னதில் பாதி சரி. அதை உப்புத் தொட்டியில் நானே பார்த்து, மறைத்தும் இருந்தேன். இருந்தாலும் அந்த வாக்கியம் தவறுதான். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆண்டு முடிவில் புத்தகங்களைக் கயிற்றால் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டைச் சென்ற மாதம்தான் அவிழ்த்தேன். ‘திருத்தம்’ பக்கத்தில் பத்து எண்களும் எதிரே எதுவும் எழுதப்படாமல் அப்படியே இருந்தன. கீழே சிவப்பு மையில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, தேதியும் போட்டு டீச்சர் கையெழுத்திட்டிருந்தார். தேதிகளைச் சரிபார்ப்பது என் பழக்கம். பத்திரமாக வைத்திருந்த அந்த வருட நாட்காட்டியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அது விழா முடிந்த பிறகு போட்ட கையெழுத்து இல்லை. புத்தகத்தை இழுப்பறையில் பூட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமையே போட்டது.